கைடுக்குப் பாடியது

கச்சேரி மேடையில் பாடுகிறவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, சாயங்காலம் மைக் சரிபார்க்கும்போது முழுக் குரலைக் கொடுக்கமாட்டோம். சும்மா முனகிவிட்டு இறங்கிவிடுவோம். குரலைக் கச்சேரிக்குச் சேமிக்க வேண்டும். இன்னொன்று, தொண்டை சரியில்லை என்று யாரிடமும் வாயைத் திறக்கமாட்டோம். திறந்தால் அடுத்த திருவிழாவில் நம் இடத்தில் வேறொரு பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்பாள். இந்த இரண்டு பழக்கமும் எனக்குப் பன்னிரண்டு வருஷம் சோறு போட்டன. பிறகு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து காலை வாரிவிட்டன.

அப்போது நான் அரியலூரில் ஒரு இன்னிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். சினிமாப் பாட்டுதான். மேடையில் எனக்கென்று ஒரு குரல் கிடையாது. எந்தப் பாடகி பாடிய பாட்டோ அந்தப் பாடகியைப் போலவே பாட வேண்டும். மூச்சு விடுகிற இடம்கூட மாறக்கூடாது. "அச்சு அசல் அப்படியே இருந்துச்சும்மா" என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெரிது. யோசித்துப் பார்த்தால், நீ பாடியது உன்னைப் போலவே இல்லை என்று சொல்வதைத்தான் அத்தனை வருஷம் பாராட்டாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் விதிவிலக்கு. அது இங்கிலீஷ் பாட்டு. நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால் வந்த ராக் பாட்டு. எங்கள் கிதார் அண்ணனிடம் அதன் கேசட் இருந்தது. திருவிழாவுக்குப் போகும் ஊரில் எங்களைப் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் தங்க வைப்பார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கரும்பலகைக்குக் கீழே எல்லாரும் படுத்துக் கிடக்கும்போது அண்ணன் அந்தப் பாட்டை வாசிக்க ஆரம்பிப்பார். விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் பேஸ் கிதாரைத் தூக்குவார். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி பெஞ்சில் தட்டுவான். நான் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்துக்கொள்வேன். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கேசட்டில் அதைப் பாடியவர் ஆண். அதனால் யாரைப் போலப் பாடுவது என்ற கேள்வியே எழவில்லை. மெதுவாக ஆரம்பித்து, ஏறி ஏறி, கடைசியில் ஓர் உச்சி வரும். அங்கே போய் நிற்கும்போது வெளியே வருகிற குரல் எனக்கே புதிதாக இருக்கும். அது என் குரல். அந்த வகுப்பறைகளைத் தவிர வேறெங்கும் அது கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை, கீழப்பழுவூரில், தைரியமாக மேடையில் ஆரம்பித்தோம். இரண்டாவது வரியிலேயே கீழேயிருந்து துண்டுச்சீட்டு வந்தது: "அம்மன் பாட்டு பாடவும்." பாடினோம்.

கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்த பிறகு பாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுவாக நின்றது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் ஆன்லைனில் எடுத்துக் கொடுப்பேன். இப்படியே போயிருக்க வேண்டியது. கழுத்தில் கட்டி வந்தது.

தைராய்டு என்றார்கள். திருச்சியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் என்றார். "குரல் நரம்பு கட்டிய ஒட்டியே போகுதும்மா. பாத்துதான் எடுப்போம். ஆனா சில பேருக்குக் குரல் மாறிப் போறதும் உண்டு. அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம்." என் கணவர், "பேச்சு வந்தா போதுங்க டாக்டர், இவ பேசுறதுல பாதி கொறஞ்சாலும் நல்லதுதான்" என்று சிரித்தார். பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு முழுவதும் அவரிடம் பேசவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கத்தி படுவதற்கு முன்னால் அந்த ஒரு பாட்டை முழுக் குரலில் பாடி எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட வேண்டும். ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது. தாராளமாகப் போதும் என்று நினைத்தேன்.

கிதார் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது அரியலூரில் வீட்டு மாடியில் ஒரு அறை வைத்துக் கல்யாண வீடியோவுக்கு இசை சேர்த்துக் கொடுக்கிறார். நான் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. "ஏம்மா, இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துச்சா? பண்ணிடலாம், பண்ணிடலாம்!" பேஸ்காரர் விக்கிரமங்கலத்தில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் தம்பி வளைகுடாவில் ஒரு கம்பெனியில். "அக்கா, வெள்ளிக்கிழம மட்டுந்தான் லீவு. ரூம்ல டிரம் பேடு இருக்கு, அதுல வாசிச்சு அனுப்பிடறேன்" என்றான். வாட்ஸப்பில் குரூப் ஆரம்பித்தோம். அதற்கு 'மத்தியானப் பாட்டு' என்று அண்ணன் பெயர் வைத்தார்.

ஏன் இந்த அவசரம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தொண்டையைப் பற்றிப் பாடகி வாயைத் திறக்கமாட்டாளே! இருபது வருஷமாக மேடையே ஏறாதவளுக்குப் பழக்கம் மட்டும் விடவில்லை.

ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே பாட்டை வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பாடுகிறவர் சும்மா ஒரு கைடு பாடி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தங்கள் பங்கை வாசித்து அனுப்புவார்கள். எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியில் பாடகர் ஒழுங்காக ஃபைனல் பாடுவார். கைடைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதைப் போலத்தான்.

அண்ணன் ஒரு வெறும் கிதாரை மட்டும் வாசித்து அனுப்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் குக்கரில் கொண்டைக்கடலை. ஹாலில் நின்றபடி போனைப் பிடித்துப் பாடினேன். கைடுதானே! மேடைப் பழக்கப்படி குரலைச் சேமித்தேன். பேசுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருந்திருக்கும். நோட்டைத் தேடச் சோம்பலாக இருந்ததால் இரண்டாவது சரணத்தில் பல இடங்களில் லாலா போட்டேன். உச்சி வரும் இடத்தில் அதைக்கூடப் பாடாமல் வாயால் ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டினேன். நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது. திரும்ப எடுக்கவில்லை. எறியப் போகிறதற்கு என்ன அலங்காரம் என்று அப்படியே அனுப்பினேன்.

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. அண்ணன் கிதாரை ஆறு முறை வாசித்தார். ஆறும் அவருக்குப் பிடிக்கவில்லை. பேஸ்காரர் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்து அனுப்பினார். கரண்ட் ஏறி இறங்கியதில் ஒரே இரைச்சல். டிரம்ஸ் தம்பிக்கு முதல் வெள்ளிக்கிழமை ஓவர்டைம். இரண்டாவது வெள்ளிக்கிழமை ரூமில் கூடத் தங்கியிருந்தவருக்குக் காய்ச்சல், தட்ட முடியவில்லை. நான் தினமும் குரூப்பில் போய், "என்ன ஆச்சு?" என்று கேட்பேன். அவர்கள் சிரிக்கும் பொம்மை போடுவார்கள். கடையில் யாருக்கோ சான்றிதழ் எடுக்கும்போதே கை கழுத்துக்குப் போய்க் கட்டியைத் தடவிப் பார்க்கும்.

மூன்றாவது வாரம் பொறுக்காமல் அண்ணனிடம், "டிரம்ஸ் வராட்டி போவட்டும்ண்ணே, நான் ஃபைனல் பாடிடறேன்" என்றேன். "அதெப்படிம்மா? வாய்ஸ் கடைசிலதான் ஏத்தணும். டிரம்ஸ் அடிக்கிற அடியக் கேட்டாதான ஒனக்கு அந்த எடத்துல வேகம் வரும்? வர வெள்ளிக்கிழம கண்டிப்பா வந்துடும்." அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டியைப் பற்றிச் சொல்ல அப்போது ஓர் இடைவெளி இருந்தது. "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் டிரம்ஸ் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவருடைய ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டதாம். இடம் காலியாக இருக்கிறது, நாளைக் காலையே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, சாமியே முன்னாடி தள்ளி விட்டுருக்கு." ஒரே ஒரு பகல்தான் மிச்சம். டிரம்ஸாவது கிம்ஸாவது, இன்றைக்கே வெறும் கிதாரோடு பாடிவிடுவது என்று எழுந்தேன்.

அந்தக் காலையில்தான் பக்கத்து மனையில் போர் போட வண்டி வந்து நின்றது.

போர் வண்டிச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடிப் பார்த்தேன். புடவையும் அதிர்ந்தது. வெளியே ஓடிப்போய், மேலெல்லாம் மண்ணாக நின்றிருந்த ஆளிடம் கேட்டேன்.

"எப்பங்க முடியும்?"

"தண்ணி வந்தா நிறுத்திடுவோம்க்கா."

"எத்தன அடி போயிருக்கு?"

"முந்நூறு. பொகதான் வருது. இந்த ஊரு பாறயப் பத்தித்தான் தெரியுமே."

அடுத்தவர் வீட்டுப் போரில் தண்ணீர் வரவேண்டும் என்று அம்மனுக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டவள் இந்தப் பெரம்பலூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மனுக்கு அன்று வேறு வேலை.

மத்தியானம் கடைக்கு ஓடினேன். முதலாளி சாப்பிடப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கி, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி ஆரம்பித்தேன். முதல் சரணம் நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது. கழுத்துக் கட்டி ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பழைய குரல் கிணற்றிலிருந்து மேலே வருவது தெரிந்தது. அப்போது வெளியே ஒரு கண்டக்டர், "துறையூர், துறையூர், துறையூரே!" என்று கத்தினார். நிறுத்தினேன். அழித்தேன். மறுபடி ஆரம்பித்தேன். ஏர்ஹாரன். அழித்தேன். மறுபடியும். "ஆத்தூர், ஆத்தூர்!" அழித்தேன். கறை பட்ட ரெக்கார்டிங்கை வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. எத்தனை முறை ஆரம்பித்தேனோ தெரியாது. ஒரு முறைகூட உச்சிவரை போகவில்லை. அதற்கு முன்பே ஏதாவதொரு சத்தம் வந்துவிடும், நானும் திமிராக நிறுத்திவிடுவேன்.

துறையூரோடு சேர்த்தே பாடியிருக்கலாம். ஹாரனோடு பாடியிருக்கலாம். போர் வண்டி பக்கத்திலேயே நின்று கத்தியிருந்தாலும் அந்த இரைச்சலுக்கு அடியில் என் குரல் இன்று இருந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இதை நினைத்து எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டேன் என்பது அந்தக் கடைச் சுவருக்குத்தான் தெரியும்.

ஷட்டரைத் தட்டி, "அக்கா, சர்வர் வேல செய்யுதா?" என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பினால் எழுநூறு அடி போயிருந்தது. அப்போதும் புகைதான். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், "ஒரு கல்யாணத்துல இருக்கம்மா, எதாச்சும் அவசரமா?" என்றார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்" என்றேன்.

மறுநாள் காலை கதவைப் பூட்டும்போது பக்கத்து மனையில் சந்தோஷக் கூச்சல். வெள்ளையாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வண்டியை நிறுத்தினார்கள். தெருவே அமைதியானது. நான் பூட்டில் சாவியோடு நின்றேன். "ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்றேன். கணவர், "எதுக்கு?" என்றார். பாட்டுப் பாட என்று எப்படிச் சொல்வது? ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போய் ஏறி உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டு இருந்ததாம். டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் விழித்து, தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்கும் சத்தம் வந்தது. ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதம் போய் இன்னும் ஆறு மாதம் போனது. இப்போது மூன்று வார்த்தை பேசினால் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சும் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருக்கிறது. பாட்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் குரூப்பில் நடந்ததை எல்லாம் டைப் செய்தேன். மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்று நீலக்குறி விழுந்தது. இரண்டாம் நாள் அண்ணன் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டது போட்டபடி வந்திருப்பேனே. ஒன்னய அரியலூருக்குக் கூட்டிட்டுப் போயி அன்னிக்கே எடுத்திருப்பேனே. அப்படி என்னம்மா ரோஷம்?"

ஜெராக்ஸ் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: "நீங்கதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க." எழுதும்போதே அது அநியாயம் என்று தெரிந்தது. இருந்தும் எழுதினேன். யார் மேலாவது போட வேண்டியிருந்தது. அவர் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் செயலை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

போகும்போது, "கைடு இருக்கும்மா எங்கிட்ட" என்றார். "அது பாட்டு இல்ல. அழிச்சிடுங்க" என்று எழுதினேன்.

குரூப் அப்படியே கிடந்தது. பல மாதம் கழித்து ஒரு நாள் அதில் ஒரு ஃபைல் வந்தது. கூடவே பேஸ்காரர் எழுதியிருந்தார்: "நாங்க வாசிச்ச எதுவும் உங்க கைடுக்கு ஒத்து வரல. குரல அமுக்கிடுச்சு. எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் மெதுவா வாசிச்சிருக்கோம். மனசு இருந்தா கேளுங்க."

மனசு இல்லை. நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்தபோது ஹெட்போனை மாட்டினேன்.

அதை ராக் பாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிரம்ஸ் தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டியிருந்தான். பேஸ் தூரத்தில் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் ஆறு முறை வாசித்தும் பிடிக்காத அந்த ஆர்ப்பாட்டமான கிதாரைக் காணோம். வகுப்பறையில் வாசிப்பாரே, அது மட்டும்தான். நடுவில் நான். சோம்பலாக, குரலைக் கஞ்சத்தனமாகச் சேமித்துக்கொண்டு பாடும் நான். லாலாவை எடுக்கவில்லை. குக்கர் விசில் மூன்றையும் எடுக்கவில்லை. அடிப் பாவி, நன்றாகத்தான் பாடியிருக்கிறாய் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? யாருக்காக வைத்திருந்தாய்?

பாட்டு ஏறிக்கொண்டே போனது. உச்சி வரும் இடம் வந்தது. அங்கே என் குரல் பாடவில்லை, பேசியது. தெளிவாக, உரிமையாக, கொஞ்சம் அதட்டலாக:

"இந்த எடம் இப்ப வேணாம்ண்ணே. ஃபைனல்ல ஃபுல் வாய்ஸ்ல பாடிக்கிறேன். நீங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருங்க."

அப்படிச் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அதை வெட்டி எறிந்திருக்கலாம். அந்த இடத்தில் அண்ணன் கிதாரை அலறவிட்டு நிரப்பியிருக்கலாம், எந்தக் கிதார்காரரும் அதைத்தான் செய்வார். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு வேண்டிய அளவு இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, மூன்று பேரும் அடியில் மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். வாய் தானாகத் திறந்தது. எங்கே மூச்செடுக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சரியான இடத்தில், சரியான நீளத்துக்கு, வெறும் காற்று வந்தது.

பட்டா நகலுக்காக எதிரே நின்றிருந்த பெரியவர், "என்னம்மா, எங்கிட்ட எதாச்சும் சொன்னியா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் சொன்னபடியே அவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.